இரண்டு தாளில் ஒரே கட்டுரை

என் அண்ணன் ரசலையன் இங்கிலீஷில் இரண்டு தடவை தோற்றான். மூன்றாம் தடவையும் தோற்றுவிடாமல் இருக்க அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடு என்று வீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். அவனுக்கு வயது இருபத்தொன்று, எனக்குப் பதினெட்டு. அவன் தோற்றுத் தோற்று நின்ற இடத்துக்கு நான் ஜெயித்து ஜெயித்து வந்து சேர்ந்திருந்தேன். கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்குக்கு 1935, மார்ச் மாதத்தில் நாங்கள் இருவரும் நாகர்கோவிலில் ஒரே பள்ளி இறுதிப் பரீட்சையை எழுத வேண்டியிருந்தது.

முட்டம் கடற்கரையிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா ஞானையன் அங்கே கிறிஸ்தவ சபையின் உபதேசியார். அண்ணன் பாஸானால் மலைத் தோட்டத்தில் குமாஸ்தா வேலைக்குப் போகலாம். இது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் சபையில் அவன் பேர் சொல்லி ஜெபம் நடந்தது. நான் பாஸானால் என்ன என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலையை எனக்குத் தருவதாக அதை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வாக்குக் கொடுத்திருந்தார். பாஸாகாவிட்டால் லேஸ்.

லேஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேசை விரிப்பின் ஓரத்தில் இருக்கும் பூ. எங்களுக்கு அது மடியில் ஒரு தலையணை, அதில் இருநூறு குண்டூசி, நூல் சுற்றிய நாற்பது குச்சி, குனிந்த கழுத்து. என் அம்மா நேசம்மாள் இருபத்திரண்டு வருஷம் மிஷன் லேஸ் அறையில் இருந்தாள். இப்போது வேதபுத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் பார்ப்பாள், அப்படியும் வாசிக்க முடியாமல் மூடிவிடுவாள். நானும் எட்டு வயதில் அந்தத் தலையணையைப் பிடித்தவள்தான். பின்னும்போது மிஸ்ஸியம்மா எங்களுக்குப் பழைய பத்திரிகைகளை வாசித்துக் காட்டுவார். மற்றப் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். நான் கேட்டுக் கேட்டு இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டேன். அந்த அறையிலிருந்து வெளியே போக எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் பரீட்சை. வேறு வழியை நானும் தேடிப் பார்த்தவள்தான், இல்லை.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் மடையன் இல்லை. பத்து வயதில் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தை, நூற்று எழுபத்தாறு வசனத்தையும், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து ஓய்வுநாள் பள்ளியில் முதல் பரிசு வாங்கியவன். அப்பா வைத்திருந்த சட்டம் அப்படி. நூறாம் வசனத்தில் ஒரு சொல் தவறினாலும் முதல் வசனத்திலிருந்து தொடங்க வேண்டும். அண்ணன் அந்தச் சட்டத்துக்கென்றே பிறந்தவன். நான் நேர்மாறு. வசனத்தின் பொருள் எனக்குள் போனதும் வாய் அதைத் தன் போக்கில் சொல்லும். உச்சந்தலையில் குட்டு விழும். “கர்த்தரோட வசனத்த நீ திருத்தப் பாக்கியாட்டி?” என்பார் அப்பா. எனக்குப் பரிசே கிடைத்ததில்லை.

ஆகவே பாடம் தொடங்கியபோது நான் என் வழியில்தான் போனேன். “அண்ணே, நம்ம பசுவைப் பத்தி உனக்குத் தோணுதத எழுது” என்றேன். ‘பசு நாலுகால் பிராணி’ என்று எழுதிவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தான். மறுநாளும் நாலுகால். பத்து நாள் அந்தப் பசுவோடு மல்லுக்கட்டினேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டு அம்மி நகரவில்லை.

“நீ எழுதித் தா மக்கா, நான் படிச்சிருதேன்” என்றான் கடைசியில். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது. இந்த ஒரு வித்தைதான் அவனுக்கு வரும், அதை ஏன் விடுவது என்று ஐந்து கட்டுரை எழுதிக் கொடுத்தேன்: முட்டம் கலங்கரை விளக்கு, மழைக்காலம், என் தாய், சந்தை நாள், புத்தகம் வாசிப்பதன் பயன். இவற்றில் ஒன்று கட்டாயம் வரும் என்பது என் கணக்கு. முட்டம் விளக்குக் கட்டுரை எனக்கே பிடித்திருந்தது. அப்பாவோடு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனபோது விளக்குக்காரர் எங்களை மேலே ஏற விட்டார். அந்தக் காற்றும் கீழே பாறையில் அடித்த அலையும் நினைவில் இருந்தன.

வாரநாளில் சபைக் கோயில் காலியாகக் கிடக்கும். மத்தியானம் கஞ்சி குடித்ததும் அங்கே போவோம். அவன் பீடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டே ஒப்பிப்பான். நான் பாயில் தாளை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு சொல் தவறினால், “முதல்ல இருந்து.” அப்பாவின் சட்டத்தை வெறுத்த நான்தான் அதை அப்படியே எடுத்து அவன் மேல் வைத்தேன். மாசிக்குள் ஐந்தும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முட்டம் விளக்கை மட்டும் எழுபது எண்பது தடவை கேட்டிருப்பேன். வாசலில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, “உபதேசியார் மகன் இங்கிலீஷ் பிரசங்கம் பண்ணுதான்” என்று சொல்லிப் போனார்கள்.

அவனிடம் ஒரு பேச்சும் வைத்துக்கொண்டேன். “அஞ்சுல எது வந்தாலும் நீ எழுது. நான் அதத் தொட மாட்டேன். வேற ஒண்ண எழுதுவேன்.”

“நீ எதையும் எழுதிருவ” என்றான்.

அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன். அந்தத் திமிருக்குத்தான் இந்தக் கதை.

பரீட்சையில் எங்கள் பேர்கள் இங்கிலீஷில் ஒரே எழுத்தில் தொடங்கியதால் எண்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து மேசை. கட்டுரைக்கு மூன்று தலைப்பு. ஒரு ரயில் பயணம். ஒரு கிரிக்கெட் ஆட்டம். உங்கள் ஊருக்கு அருகே விருந்தாளிக்குக் காட்டத்தக்க ஓர் இடம். அண்ணன் தாளைப் பார்த்ததும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பாவம், அந்தச் சிரிப்பைக் கண்காணிப்பாளரும் பார்த்திருக்கிறார்.

முட்டம் விளக்கு அவனுடையது; எனக்கு மிச்சம் ரயிலும் கிரிக்கெட்டும். நாஞ்சில் நாட்டில் ரயில் ஏது? நான் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மற்றக் கேள்விகளையெல்லாம் முதலில் முடிப்போம் என்று முடித்துவிட்டு வந்தபோது அரைமணி நேரம் மிச்சம். சிதறால் மலையை எழுதலாம் என்று தொடங்கினேன். எட்டு வயதில் போனது. பாறையும் ஒரு குரங்கும் தவிர ஒன்றும் வரவில்லை. நாலு வரியை அடித்தேன். மணி அடிக்கக் கால்மணி என்று சத்தம் போட்டார்கள். பக்கத்தில் அண்ணனின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் காதில் அவன் குரல் கேட்டது, கோயிலுக்குள் நடந்துகொண்டே சொல்லும் குரல். என் கை அதைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கியது. தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். பாதியில் தெரிந்தது. ஆனால் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு லேஸ் அறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய கட்டுரைதானே, நான் எழுதியதுதானே என்று எழுதி முடித்தேன்.

மே மாதக் கடைசியில் காகிதம் வந்தது. இருவர் முடிவும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. கட்டுரை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது. விசாரணைக்குத் தகப்பனாருடன் வரவும். அப்பா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

விசாரணைக்குப் போகும் நாள் பஸ் பிடிக்கக் குளத்தங்கரை வழியே நடந்தோம். அண்ணன் முன்னால் வெகுதூரம் போய்விட்டான். அப்பா நடையைக் குறைத்தார்.

“மக்கா, ஒரு காரியம் சொல்லுவேன், கோவப்படாத. ரெண்டு பேரும் மாட்டுனா ரெண்டு பேருக்கும் போச்சு. ஒருத்தராவது தப்பணும்.”

“யாரு தப்பணும்?”

“நீயே யோசிச்சுப் பாரு. அவனுக்கு இது மூணாவது. ஒனக்கு லேஸ் இருக்கு.”

“நான் பாத்து எழுதுனேன்னு சொல்லணுமாக்கும்?”

“பொய் சொல்லச் சொல்லுவேனா? ஒண்ணும் சொல்லாண்டாம்னுதான் சொல்லுதேன்.”

“பிறனுக்கு விரோதமாப் பொய்ச்சாட்சி சொல்லப்பிடாதுன்னு நீங்கதான் படிப்பிச்சீங்க. எனக்கு விரோதமா சொல்லலாமோ, அப்பா?”

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். அப்படிக் கேட்டதற்கு எனக்கு வருத்தமில்லை. உண்மை என் பக்கம் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. உண்மை பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைக்கிற வயது.

ஹெட்மாஸ்டர் அறையில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். தலைப்பாகையை மேசைமேல் கழற்றி வைத்திருந்தார். எங்கள் இரண்டு தாளும் அவர் முன்னே விரித்துக் கிடந்தன. ஒன்றாக இருக்கும் வரிகளின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்; பக்கம் முழுக்கச் சிவப்பு. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கட்டுரை நான் எழுதியது, அண்ணனுக்காக எழுதியது, அவன் அதை மனப்பாடம் செய்தான், பரீட்சையில் நேரம் போய்விட்ட பயத்தில் நானும் அதையே எழுதிவிட்டேன், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அதிகாரி அண்ணனிடம் திரும்பினார். “இந்தக் குட்டி சொல்வது சரியா?”

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “பையன் இத மூணு மாசமாப் படிச்சான் சார். கோயிலுக்குள்ள நடந்து நடந்து சொல்லுவான். எங்க சபையில கேக்காதவங்க இல்ல.”

ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய் சொல்லாமலே ஒரு பிள்ளையைக் கைவிட அப்பாவுக்கு வந்துவிட்டது.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவசரப்படவில்லை, சத்தம் போடவில்லை. இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். “ஆளுக்கு ஒரு மூலையில் உட்காருங்கள். அந்தக் கட்டுரையை மறுபடி எழுதுங்கள். அரைமணி நேரம்.”

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பார்க்கப்போகிறார், இதுவரை என்னிடம் யாரும் கேட்காத பரீட்சையை இவர் கேட்கிறார் என்று நினைத்தேன். பேனாவைத் தொட்டதும் பழைய கட்டுரையின் ஓட்டைகள் கண்ணில் பட்டன. விளக்கு கப்பல்களுக்கு வழிகாட்டி அழைக்கிறது என்று அதில் எழுதியிருந்தேன். எல்லாரும் சொல்வது அது. நிஜத்தில் அது ஒருவரையும் அழைக்கவில்லை, இங்கே பாறை இருக்கிறது, தள்ளிப் போ என்றுதான் சொல்கிறது. அப்படியே மாற்றினேன். படிகளைப் பற்றிய பத்தி வளவளவென்று இருந்தது, வெட்டினேன். காற்றில் அப்பாவின் துண்டு பறந்து போனதைப் புதிதாகச் சேர்த்தேன். என் ஜென்மத்தில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை. கடைசிச் சொல்லை எழுதியபோது சந்தோஷமாக இருந்தேன், இதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த மூலையில் அண்ணன் உதடு அசைய, உடம்பு லேசாக ஆட, ஓய்வுநாள் பள்ளியில் நிற்பவன்போல எழுதிக்கொண்டிருந்தான்.

அதிகாரி நாலு தாளையும் அருகருகே வைத்து விரலால் வரி வரியாக வந்தார். அண்ணன் தாளில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. என் தாளில் முதல் வரி மட்டும் ஒத்துப்போனது. அவர் விரல் இரண்டாம் வரியில் நின்றது, மூன்றாம் வரிக்குப் போனது, அப்புறம் போகவில்லை.

“மனப்பாடம் செய்திருந்தால் இரண்டு பேருக்கும் வந்திருக்க வேண்டும்” என்றார். “இவனுக்கு வருகிறது. உனக்கு வரவில்லை. சொந்தக் கட்டுரையை எவராவது மறப்பார்களா?”

“மறக்கல்ல சார். இது அதவிட நல்லாருக்கு. வாசிச்சுப் பாருங்க.”

அவர் வாசித்தார். முழுதாக வாசித்தார். ஹெட்மாஸ்டரிடம் நீட்டி, நல்ல இங்கிலீஷ் என்று சொன்னார்.  பிறகு என்னைப் பார்த்து, “இவ்வளவு எழுதத் தெரிந்த பெண் பக்கத்துத் தாளைப் பார்த்தது இன்னும் பெரிய குற்றம்” என்றார்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். “அண்ணே, சொல்லு.”

அவன் வாயைத் திறந்தான். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல அவனுக்கு எப்போதுமே வராது என்று பிற்பாடு அம்மா அவனுக்காகப் பரிந்து பேசினாள். அதெல்லாம் சும்மா. ‘ஆமா’ என்பது ஒரு சொல். அவனுக்குப் பயம், அவ்வளவுதான். திறந்த வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

மூன்று வருஷம் நான் எந்தப் பரீட்சையும் எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் நடத்தையைப் பற்றி ஒரு வரியும் அதில் இருந்தது. அந்த வரி இருக்கும்போது மிஷன் பள்ளியில் வேலை தர முடியாது, மூன்று வருஷம் கழித்தும் முடியாது என்றார் மிஸ்ஸியம்மா. நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு முழங்காலில் நின்று எனக்காக ஜெபித்தார், நான் மனந்திரும்ப வேண்டுமென்று. மூன்றாம் வகுப்புக்கு வேறு பெண்ணை எடுத்தாயிற்று. திங்கட்கிழமை லேஸ் அறையில் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். வெளிச்சம் நன்றாக விழும், கண் கொஞ்சநாள் கூடுதலாகத் தாங்கும் என்று.

அண்ணன் பாஸானான். சபையில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. அப்பாவுக்கு அன்று குரல் கம்மியிருந்தது. வேறு யாராவது ஜெபிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் இருக்கும் அறைக்கு வரமாட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஒருநாள் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும், மறுநாள் அவன் சட்டையில் பித்தான் போயிருப்பதைப் பார்த்துத் தைத்து வைப்பேன்.

ஆவணியில் மலைத் தோட்டத்திலிருந்து ஆள் எடுக்கும் செய்தி வந்தது. குமாஸ்தா வேலைக்கு இங்கிலீஷில், சொந்தக் கையெழுத்தில், மனு அனுப்ப வேண்டும். அண்ணன் காலையிலேயே தாளோடு உட்கார்ந்தான். கஞ்சி ஆறும்வரை தாளில் ‘ஐயா’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போனார். என்னைக் கேட்க அவர்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. அம்மாதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மக்களே, எழுதிக் குடு. எனக்குக் கண்ணு இனி ஆவாது. அவன் போனாத்தான் அடுப்பு எரியும்.”

“அவன்தானே பாஸானவன். எழுதட்டு.”

“உள்ளதுதான்” என்றாள் அம்மா. எழுந்து போகவில்லை. என் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலையணையை இறக்கி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். பத்து நிமிஷ வேலை. பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறியவன் நான், இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன், என் நடத்தைக்குச் சான்று இருக்கிறது என்று அவனுக்காக எழுதினேன். எழுத எழுத அதெல்லாம் நியாயமாக யாருக்குச் சேர வேண்டிய வரிகள் என்பது நெஞ்சில் குத்தியது. ஆனாலும் குறை வைக்கவில்லை. நல்ல மனு. அந்த மனுவுக்கு எந்தத் துரையும் வேலை கொடுப்பான்.

அண்ணன் அதை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, வரி வரியாகத் தன் கையெழுத்தில் இறக்கினான். அப்பா முற்றத்திலிருந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். முடிந்ததும் அவன் எழுதியதை உறையில் போட்டு அவனிடமே கொடுத்தார். நான் எழுதிய தாளை எடுத்து மடித்தார், இன்னொரு மடிப்பும் மடித்தார்.

“ஒரே மாதிரி ரெண்டு தாளு இந்த வீட்டுல இருக்காண்டாம்” என்றார்.

அடுப்பில் அம்மா மத்தியானக் கஞ்சிக்கு மூட்டிய தீ இருந்தது. அப்பா குனிந்து தாளை அதில் வைத்தார். அது பற்றி முடியும்வரை நின்று பார்த்தார். அண்ணனும் நின்றான், என்னமோ சொல்ல வருகிறவன்போல. அதற்குள் அப்பா, அஞ்சல் போய்விடும் என்றார், அவன் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.